மார்கழியிலும் இறங்காத நாடி

மார்கழி பிறந்து நாலாம் நாள். விடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவிடத்துக்கு எதிரே நின்று ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். சென்னையில் ஓடுகிறவர்களுக்கு வருடத்தில் கிடைக்கிற ஆறேழு வாரப் பொற்காலம் அது. ஆடியும் ஆவணியும் வியர்வையில் ஊறிய உடம்புக்கு மார்கழிக் காற்று பட்டால் கால் தானாக எழும். தெருவில் ஈரக் கோலங்களை மிதிக்காமல் தாண்டி ஓட வேண்டும். ஏதோ ஒரு கோயிலின் ஒலிபெருக்கி கூடவே வரும். ஒவ்வொரு மார்கழியிலும் என் நாடி நிமிடத்துக்கு 138க்கு இறங்கிவிடும். பதினோரு வருடக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று மூன்றாவது கிலோமீட்டரில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 161.

வேகம் எதுவும் கூட்டவில்லை. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம், ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓடும் வேகம். பக்கத்தில் வந்த தம்பி, "என்னக்கா, இன்னைக்குப் பேச்சையே காணோம்?" என்றான். அவன் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பேசுவதற்கு மூச்சு மிச்சமில்லை.

அடையாறு பாலத்தோடு திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து டிகாக்ஷன் இறங்கும்வரை அடுக்களை மேடையில் சாய்ந்து நின்று, டப்பாவிலிருந்து ஒரு பிடி பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நாளாக அப்படி ஒரு பழக்கம். அதை அப்போது நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

*

நாடி ஏறுவது அந்த மார்கழியில் ஆரம்பித்ததல்ல. ஆகஸ்டிலேயே ஏறியிருந்தது. ஆனால் சென்னையில் ஆகஸ்டில் ஓடுகிறவள் நாடி ஏறியதைப் பற்றிக் கவலைப்படுவது, மழையில் நனைந்தவள் புடவை ஈரமாயிருக்கிறதே என்று கவலைப்படுவது போலத்தான். அதற்கு ஒரு நியாயமான காரணம் எப்போதும் கைவசம் இருக்கும்.

அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நெடுந்தூரம் ஓட நினைக்கிற யாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 60 கலோரி செலவாகும். அதில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் ஓட்டமாக மாறும். மற்றதெல்லாம் சூடு. பத்து கிலோமீட்டர் ஓடினால் சுமார் 450 கலோரிச் சூட்டை உடம்பு வெளியே தள்ளியாக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 0.58 கலோரி போகும். அப்படியானால் முக்கால் லிட்டருக்கு மேல் வியர்வை வேண்டும். அதுவும் ஆவியாகிற வியர்வையாக இருக்க வேண்டும். முழங்கையிலிருந்து சொட்டித் தரையில் விழுகிற வியர்வை யாரையும் குளிர்விப்பதில்லை. விடிகாலையில் நம் ஊர்க் கடற்கரைக் காற்று ஈரத்தால் நிறைந்து கிடக்கிறது. அதில் வியர்வை உலர இடமேது? சட்டை நனைந்து, ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று ஒலிக்கும். உள்ளே சூடு அப்படியே இருக்கும்.

அப்போது உடம்பு இன்னொரு வழி தேடுகிறது. தசைக்குப் போகும் இரத்தத்தில் ஒரு பங்கைத் தோலுக்குத் திருப்பிச் சூட்டை வெளியேற்றப் பார்க்கிறது. அதே நேரத்தில் வியர்வையாகப் போன நீர் இரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. இதயத்துக்குத் திரும்பி வருகிற இரத்தம் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளுகிற அளவும் குறைகிறது. ஒரு வாளிக்கு முக்கால் வாளிதான் வருகிறதென்றால் இறைக்கிறவன் என்ன செய்வான்? வேகமாக இறைப்பான். அதனால்தான் வேகம் கூட்டாமலே ஒரு மணி நேர ஓட்டத்தின் முடிவில் நாடி பத்து, பதினைந்து துடிப்பு ஏறி நிற்கும். இதய நழுவல் என்று இதைச் சொல்லலாம். அது நோயில்லை. வெயில் ஊரில் ஓடுகிறவர்கள் கொடுக்கிற வாடகை.

ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் நான் அந்த வாடகையைத்தான் கொடுக்கிறேன் என்று நினைத்திருந்தேன். குறிப்பேட்டைச் சரியாகப் படித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நழுவல் என்றால் தொடக்கத்தில் இயல்பாக இருந்து போகப் போக ஏற வேண்டும். என்னுடையது முதல் கிலோமீட்டரிலேயே ஏறி நின்றது. எண்களை நாள் தவறாமல் எழுதினேன். ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

*

மார்கழியும் கைவிட்ட பிறகு முதல் பழியைக் கடிகாரத்தின் மேல் போட்டேன்.

அதில் நியாயமும் உண்டு. மணிக்கட்டில் கட்டுகிற கடிகாரங்கள் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்தம் வந்து போகும்போது திரும்பி வருகிற ஒளி எப்படிக் கூடிக் குறைகிறது என்பதை வைத்து நாடியை எண்ணுகின்றன. வார் தளர்ந்தால், கை ஆட்டம் அதிகமானால், அவை நாடியை விட்டுவிட்டு உங்கள் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு 170 அடி வைத்து ஓடுகிறவருக்கு நாடியும் 170 என்று காட்டும். புதிதாக வாங்கியவர்கள் அதைப் பார்த்துப் பதறிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மார்பில் கட்டுகிற பட்டை இதயத்தின் மின்துடிப்பையே எடுப்பதால் அதற்கு இந்தக் குழப்பம் குறைவு. பனிச்சறுக்கு வீரர்களை மனதில் வைத்து பின்லாந்தில் உருவான போலார் நிறுவனம், கம்பியில்லாமல் இயங்கும் அப்படிப்பட்ட கருவியை 1982இல் கொண்டுவந்தது. இன்றைய ஓட்டக்காரர்களின் எண் மோகத்துக்கு அதுவும் ஒரு தொடக்கம்.

பட்டை கட்டி ஓடினேன். 159. நின்று, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துப் பதினைந்து நொடி எண்ணினேன். 39. நாலால் பெருக்கினால் 156. ஓட்டம் நின்ற கணமே நாடி இறங்கத் தொடங்கிவிடும் என்பதால் மூன்றும் ஒன்றைத்தான் சொல்லின. கடிகாரத்தின் மேல் குற்றமில்லை.

மூன்று விரலால் நாடி பார்ப்பது நமக்குப் பழைய பழக்கம். வாதம், பித்தம், கபம் என்று விரலுக்கு ஒன்றாகச் சித்த வைத்தியர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் ஜான் ஃப்ளோயர் என்ற மருத்துவர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கிற கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணும் முறையைப் பற்றி 1707இல் 'மருத்துவரின் நாடிக் கடிகாரம்' என்று பொருள்படும் தலைப்பில் புத்தகமே எழுதினார். ஒருவர் துடிப்பின் தன்மையைத் தேடினார், மற்றவர் எண்ணிக்கையை. இன்று நம் கையில் எண்ணிக்கை மட்டும்தான் தங்கியிருக்கிறது. தமிழில் 'நாடி' என்ற சொல்லுக்குத் துடிப்பு என்றும் பொருள், தேடி என்றும் பொருள். எனக்குத் துடிப்பு கிடைத்துவிட்டது. தேடல் பாக்கி இருந்தது.

*

இரண்டாவது பழி என் சோம்பலின் மேல் விழுந்தது. அதுதான் பெரிய தவறு.

நெடுந்தூர ஓட்டம் கற்றுத்தருகிற முதல் பாடமே களைப்பை நம்பாதே என்பதுதான். முப்பதாவது கிலோமீட்டரில் கால் கெஞ்சும், மனசு ஆட்டோ பிடிக்கச் சொல்லும். அதைக் காதில் வாங்காமல் அடுத்த விளக்குக் கம்பம் வரை, அதற்கடுத்த கம்பம் வரை என்று உடம்பை ஏமாற்றி இழுத்துப்போகத் தெரிந்தவர்தான் நாற்பத்திரண்டைத் தொடுவார். பதினோரு வருடம் அதில் தேறியவள் நான். களைப்பாக இருக்கிறது என்று உடம்பு சொன்னதும் பழக்கதோஷத்தில் அதை ஏமாற்றத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் உத்தண்டி வரை போய்த் திரும்பும் நீண்ட ஓட்டத்தை விடவில்லை. தம் குறைந்துவிட்டது, பயிற்சி போதவில்லை என்று வியாழக்கிழமை வேக ஓட்டத்தையும் சேர்த்தேன்.

மூன்றாவது ஞாயிறு நீலாங்கரைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். 174 காட்டியது. நடந்தாலும் 130க்குக் கீழே இறங்க மறுத்தது. காதுக்குள் தடதடவென்று கேட்டது. கடைக்காரர் கேட்காமலே ஒரு கிளாஸ் தண்ணீரும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். "வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுங்கம்மா" என்றார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஓட்டத்தின் நடுவில் ஆட்டோ ஏறினேன்.

அளவுக்கு மீறிய பயிற்சி பற்றி அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். 1982 பாஸ்டன் மாரத்தானில் ஆல்பர்டோ சலாசார் வெயிலில், போதுமான தண்ணீர் குடிக்காமல், டிக் பியர்ட்ஸ்லியோடு கடைசி வரை மல்லுக்கட்டி இரண்டே நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2 மணி 8 நிமிடம் 52 நொடி. முடித்த கையோடு அவருக்கு நரம்பில் உப்புநீர் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வருடத்துக்குப் பிறகு அந்தப் பழைய சலாசாரை மாரத்தான் பாதையில் பார்க்க முடியவில்லை. அவர் சரிவுக்கு அந்த ஒரு நாள் மட்டும் காரணமென்று சொல்ல முடியாது. ஆனால் களைப்பை ஏமாற்றுகிற வித்தையில் உலகிலேயே தேர்ந்த ஒருவருக்கும் பாக்கி கேட்க ஒருநாள் ஆள் வந்தான் என்பது என் போன்றவர்களுக்கு நினைவில் இருக்க வேண்டிய சேதி.

சரி, ஓய்வுதான் மருந்து என்று இரண்டு வாரம் ஷூவைத் தொடவில்லை. அதிகப் பயிற்சிதான் காரணமென்றால் ஓய்வில் நாடி கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே எண்ணினேன். என் வழக்கமான 54 என்பது 66 ஆகியிருந்தது. பதினாலாவது நாளும் 66. மாடிப்படி ஏறினால் இரண்டாவது மாடியில் கைப்பிடியைத் தேடினேன்.

*

மருத்துவரிடம் போனேன். ஓடுகிறவளுக்கு மூச்சு வாங்குகிறது, படபடக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதயத்தை. அதில் எந்தச் சமரசமும் கூடாது. இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் சோதனை எல்லாம் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. தைராய்டும் சரி. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.1. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால்தான் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அறிக்கையில் ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. "எல்லாம் நார்மல்மா. நாற்பத்து நாலு வயசுல கொஞ்சம் களைப்பு இருக்கத்தான் செய்யும். ஓட்டத்தைக் குறைச்சுக்குங்க" என்றார் மருத்துவர்.

அந்த 'நார்மல்' என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்தேன். நல்ல செய்திதான். ஆனால் படி ஏற முடியவில்லை.

விடையைக் கண்டுபிடித்தது அம்மா. பொங்கல் கழிந்து திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். இரண்டாம் நாள் காலை, காபிக்குக் காத்திருந்தபோது என் கை டப்பாவுக்குள் போவதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது, மசக்கைக்காரி மாதிரி அரிசியத் தின்னுக்கிட்டு நிக்கே?"

"சும்மாதாம்மா. நல்லாருக்கு."

"சின்னப் புள்ளைல சொல்லுவேன்லா, பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்னு? இப்ப எந்தக் கல்யாணத்துக்குத் தின்னுக?" என்று சிரித்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்தி என்னை ஜன்னல் பக்கம் இழுத்தாள். கட்டைவிரலால் என் கீழ் இமையைப் பிதுக்கிப் பார்த்தாள். "வெள்ளத்துணி கெணக்கா கிடக்கு. உடம்புல ரத்தமே இல்லடி."

"டெஸ்ட்ல நார்மல்னு வந்திருக்கும்மா."

"டெஸ்ட்டு என்னத்த கண்டுது? மாசாமாசம் எவ்வளவு போகுதுன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு வருடமாக மாதத்தில் ஐந்து நாள் பெருக்கெடுத்துப் போவதை 'இந்த வயசுக்கு இப்படித்தான்' என்று நானே எனக்கு நார்மல் சர்டிபிகேட் கொடுத்திருந்தேன். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல் களைத்திருக்கிற வீட்டில் களைப்பு யார் கண்ணிலும் படாது. அது பெண் பிறவியின் இயல்பு என்று எல்லோரும், நாமும்தான், நம்பிவிடுகிறோம்.

அரிசி, மண், சாம்பல், ஐஸ்கட்டி என்று உணவல்லாததையும் சமைக்காததையும் மெல்லத் தோன்றுவது இரும்புச்சத்து குறைந்ததன் அடையாளங்களில் ஒன்று என்பது மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. அம்மா அந்தப் புத்தகத்தைப் படித்தவளல்ல.

*

அன்று மத்தியானம் பழைய கோப்புகளை எடுத்துக் கொட்டித் தேடினேன். நாலு வருடம் முன்பு எடுத்த இரத்தப் பரிசோதனை ஒன்று கிடைத்தது. ஹீமோகுளோபின் 13.8.

அதன் பிறகு ஒரு பேனாவும் காகிதமும் போதுமாக இருந்தது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 13.8 இருந்தபோது என் இரத்தம் நூறு மில்லிலிட்டருக்குச் சுமார் 18.5 மில்லி ஆக்சிஜன் சுமந்தது. 12.1இல் 16.2. எட்டில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. அதே வேகத்தில் ஓட அதே ஆக்சிஜன் வேண்டும். லாரியில் எட்டில் ஒரு பங்கு சுமை குறைந்தால் நடை கூட்ட வேண்டியதுதான். பழைய 138ஐ அந்தக் கணக்கில் கூட்டினால் 157 வருகிறது. உடம்பு இப்படி நேர்கோட்டுக் கணக்குப் போடுவதில்லை. தசைகள் வருகிற இரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் உறிஞ்சிச் சமாளிக்கும். என்றாலும் மார்கழிக் காலையின் 161 எங்கிருந்து வந்தது என்ற திசையை அந்தக் காகிதம் காட்டியது.

அறிக்கையின் 'இயல்பு' லட்சக்கணக்கான பேரை அளந்து வைத்த இயல்பு. அதில் தப்பில்லை. ஆனால் அதில் நான் நேற்று எப்படி இருந்தேன் என்பது இல்லை. 12.1 என்பது இன்னொருத்திக்கு ஏற்றம், எனக்கு இறக்கம். அதைச் சொல்ல என் பழைய காகிதத்தால்தான் முடிந்தது.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஃபெரிட்டின் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் பணப்பை என்றால் ஃபெரிட்டின் வங்கிக் கையிருப்பு. பையில் காசு புரண்டுகொண்டிருக்கும்போதே கையிருப்பு காலியாகிவிடலாம். 15க்குக் கீழே என்றால் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். எனக்கு 7. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது.

இரும்பின் வரவு செலவைத் தெரிந்துகொண்டபோது இத்தனை நாள் ஓடியதே ஆச்சரியமாக இருந்தது. பெரியவர் ஒருவர் உடம்பில் மொத்தமே மூன்று, நான்கு கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில். சாப்பாட்டிலிருந்து குடல் உள்ளே எடுத்துக்கொள்வது நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அது மிகை. அந்த 80 மில்லியோடு போகிற இரும்பு மட்டும் ஏறக்குறைய 40 மில்லிகிராம். அன்றாடச் செலவு தனி. ஓட்டமும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுக்கும். பாதம் தரையில் மோத மோதச் சில சிவப்பணுக்கள் நசுங்கி உடையும். கடினமான ஓட்டம் முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, இரும்பு உள்ளே வரும் கதவைச் சாத்தும். இதற்கெல்லாம் மேலாக, டிபன் முடிந்த கையோடு ஒரு டம்ளர் காபி. காபியிலும் டீயிலும் இருக்கிற துவர்ப்புப் பொருள்கள் தாவர உணவின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலுக்குக் கொடுக்காது. பதினோரு வருடமாக முருங்கைக்கீரை சாப்பிட்டு, அதன் மேலேயே காபியை ஊற்றி வந்திருக்கிறேன்.

இரும்பு வெறும் இரத்தத்தின் சமாசாரமும் இல்லை. தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினுக்கும், செல்லுக்குள் ஆற்றல் எரிக்கிற நொதிகளுக்கும் அதுதான் ஆணி. அதனால்தான் இரத்தசோகை என்ற பெயர் வருவதற்கு முன்பே களைப்பு வந்துவிடுகிறது.

*

மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதிக்கொடுத்தார். தினமும் போட்டால் சீக்கிரம் ஏறாதா என்று கேட்டேன். ஒரு மாத்திரை போட்டதும் அந்த ஹெப்சிடின் ஒரு முழு நாளுக்குக் கதவைச் சாத்திவைக்கும், அடுத்த நாள் போடுகிற மாத்திரையில் ஒரு பகுதி வீண் என்று விளக்கினார். சூரிச்சில் இரும்பு குறைந்த பெண்களிடம் செய்த ஆய்வு, ஒருநாள் இடைவெளி விட்டால் அதிகம் உள்ளே போகிறது என்று 2017இல் காட்டியிருக்கிறது. எனக்குள் இருந்த ஓட்டக்காரி அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டாள். நாள்தோறும் வேக ஓட்டம் ஓடினால் வேகம் வராது, இடைவெளியில்தான் வரும் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் அவள்.

காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரை. காபி ஒரு மணி நேரம் தள்ளி. இந்த இரண்டாவது தவம் மாரத்தானைவிடக் கடினம். கட்டிக்குத் தனியாக வைத்தியம் நடந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை அல்லவா? ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். களைப்பாக இருக்கிறதே என்று பரிசோதனை இல்லாமல் யாரும் இரும்பு மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது. அதிகமான இரும்பை வெளியேற்றும் வழி நம் உடம்பில் இல்லை. அது ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படியும்.

சிவப்பணு ஒன்றின் ஆயுள் 120 நாள். அந்தக் கணக்கை மீறி அவசரப்பட முடியாது. முதல் மாதம் நடந்தேன். ஐந்தாவது வாரம் ஒருநாள் காலை கை டப்பாவை நோக்கிப் போகவில்லை என்பதைத் தற்செயலாகக் கவனித்தேன். அரிசி வெறும் அரிசியாகத் தெரிந்தது. நாடி இறங்குவதற்கு முன் வந்த முதல் நல்ல சகுனம் அது. மார்ச்சில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. சித்திரை வெயிலில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடினேன். 151. ஆனால் முதல் கிலோமீட்டரில் 137தான். பிறகுதான் ஏறியது. வெயில் ஏற்றிய ஏற்றம், நான் அறிந்த பழைய வாடகை. கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடியது அன்றுதான்.

*

இப்போது என் குறிப்பேட்டில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மூன்று எண்கள். விழித்ததும் படுக்கையில் எண்ணிய நாடி, முதல் இரண்டு கிலோமீட்டரின் நாடி, கடைசி இரண்டின் நாடி. மூன்றாவது மட்டும் ஏறினால் வெயில், தண்ணீர், தூரம் என்று போய்விடுவேன். இரண்டாவதும் ஏறினால் தூக்கத்தை, சாப்பாட்டை, முந்தைய நாள் பயிற்சியைப் பார்ப்பேன். மூன்றும் சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஏறியே இருந்தால் ஷூவைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் போவேன், போகும்போது பழைய அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு. 220இலிருந்து வயதைக் கழித்து உச்ச நாடியைக் கண்டுபிடிக்கும் வாய்பாட்டை விட்டுவிட்டேன். ஒரே வயதுள்ள இருவருக்கு உச்ச நாடி இருபது துடிப்பு வேறுபடலாம். யாருக்கோ தைத்த சட்டை அது.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. நாடி படிப்படியாக இல்லாமல் சுவிட்ச் போட்டது போல ஒரே தாவாகத் தாவினாலோ, தாளம் தப்பினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, தலை சுற்றிக் கண் இருண்டாலோ அது எண்ணிப்பார்க்கிற நேரமில்லை. அங்கேயே நிற்க வேண்டும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் கண்ட உடம்போடு ஓடவே கூடாது. வைரஸ் சில சமயம் இதயத் தசையையும் பற்றும். அப்படிப் பற்றினால் மூன்று முதல் ஆறு மாதம் ஓட்டமே இல்லை.

தாங்குவது மட்டும்தான் இந்தக் கலை என்று பதினோரு வருடம் நினைத்திருந்தேன். எதைத் தாங்கக் கூடாது என்று பிரித்தறிவதும் அதே கலையின் வேலைதான். முப்பதாவது கிலோமீட்டரில் பேசுகிற களைப்புக்கும் மாடிப்படியில் பேசுகிற களைப்புக்கும் குரல் வேறு. முதலாவதை ஏமாற்றலாம், இரண்டாவதற்கு உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும்.

போன மாதம் எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு பெண் சேர்ந்தாள். இருபத்தாறு வயது. ஐ.டி. வேலை, ஒருவேளைச் சாப்பாடு, ஜனவரியில் முதல் மாரத்தான் ஓடியே தீருவது என்ற பிடிவாதம். திருவான்மியூர் பக்கம் கூட வந்துகொண்டிருந்தவள் பின்தங்கினாள். திரும்பிப் போனேன்.

"ஒண்ணுமில்லக்கா. வாட்ச் 172ன்னு காட்டுது. கொஞ்ச நாளா இப்படித்தான். ஸ்டாமினா பத்தல, இன்னும் கொஞ்சம் புஷ் பண்ணணும்."

அவள் மணிக்கட்டை எடுத்து மூன்று விரலை வைத்தேன். கடிகாரம் பொய் சொல்லவில்லை. தெருவிளக்குக்குக் கீழே நிறுத்தி முகத்தைப் பார்த்தேன்.

"ஏம்மா, பச்சரிசி எதாச்சும் திங்கிறியா?"

விழுந்து விழுந்து சிரித்தாள். "அரிசியா? என்னக்கா நீங்க!" கொஞ்ச தூரம் நடந்தோம். சிரிப்பு அடங்கியது. பிறகு தயக்கத்தோடு கேட்டாள்: "ஐஸ் கணக்குல வருமா அக்கா? ஆபீஸ்ல தினம் ஒரு டம்ளர் நிறைய ஐஸ்கட்டி கடிச்சுக்கிட்டே இருக்கேன்."

அன்றைக்கு இருவரும் மேற்கொண்டு ஓடவில்லை.